ஏசி தவணைக்கு முன்னால் மீட்டரைப் பாருங்கள்

கேள்வி: மதுரை ஜெய்ஹிந்துபுரத்தில் வாடகைக்கு இருக்கிறோம். வருமானம் மாதம் 22,000. தலைக்கு மேலே மொட்டை மாடி, கோடையில் தூக்கமே இல்லை. வீட்டுக்காரர் தன் இணைப்பிலேயே எங்களுக்கு சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். இரண்டு மாதத்தில் 280 யூனிட் ஓடுகிறது. ஐந்து நட்சத்திர ஏசி என்றால் கரன்ட் மிச்சமாமே, தவணையில் வாங்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: இப்போது வேண்டாம்மா. நட்சத்திரம் எத்தனை இருந்தாலும் ஏசி புதுச் செலவுதான். மணிக்கு முக்கால் யூனிட், ராத்திரி 8 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 360 யூனிட். உங்கள் ரேட்டில் 3,240 ரூபாய். தவணை தனி.

அதைவிட, இப்போது கட்டும் 2,520 ரூபாயைப் பாருங்கள். தனி இணைப்பு இருந்தால், 2024 ஜூலை கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு 235, மீதி 80-க்கு 376, ஆக 611 ரூபாய்தான். அரசின் சலுகை இணைப்புக்குத்தான் கிடைக்கிறது, குடும்பத்துக்கு இல்லை. ஒரே இணைப்பில் மூன்று குடும்பம் இருந்தால் இலவசம் ஒரு தடவைதான். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் மலிவான 2.35 ரேட்டும் போய்விடும். அதனால் வீட்டுக்காரரையே முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் 9 ரூபாய் அதிகம்தான்.

சம்பளம் குறைவு என்பதால் மட்டும் கரன்ட் பில் கழுத்தை நெரிப்பதில்லை. 2001-இன் எரிசக்திச் சேமிப்புச் சட்டமும் அதையொட்டி வந்த நட்சத்திர முத்திரையும் நல்லவைதான். ஆனால் முதலில் கைக்காசு போட முடிந்தவருக்கே பலன். கூரை வீட்டுக்காரருடையது, பில் உங்களுடையது. அவருக்கு என்ன அவசரம்?

முதலில் அவரிடம் தனி இணைப்பு கேளுங்கள், அவர் சம்மதித்தால் வேலை சுலபம். செலவில் பாதியை ஏற்பதாகச் சொன்னாலும் நஷ்டமில்லை. மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கவும் கேளுங்கள், சூடு கொஞ்சம் இறங்கும்.

அப்புறம், இரண்டு ஃபேனையும் மாற்றுங்கள். சாதா ஃபேன் 75 வாட், கரன்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவு. தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு பில்லில் சுமார் 80 யூனிட் மிச்சம், அதாவது இப்போதைய 9 ரூபாய் ரேட்டில் 720 ரூபாய். ஒன்று 3,000 என்றாலும் அந்த ரேட்டில் ஒன்றரை வருடத்துக்குள் காசு திரும்பிவிடும். வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டாம், படுக்கையறைக்கு முதலில்.

தனி மீட்டர் வந்த பிறகும் ஏசி வேண்டுமென்றால் எழுதுங்கள். அப்போது 500 யூனிட்டைத் தாண்டாமல் எத்தனை மணி நேரம் போடலாம் என்று கணக்குப் பார்ப்போம்.