சுசூகா ஹேர்பின்னில் மூக்கு திரும்பாத கார்

வியாசர்பாடி நண்பரே, நானும் தண்டையார்பேட்டைதான். அசெட்டோ கோர்ஸா காம்பெடிசியோன் என்ற கார் பந்தய வீடியோ கேமில், ஜப்பானின் சுசூகா தடத்து ஹேர்பின் (கொண்டை ஊசி வளைவு) வந்தால் உங்கள் ஜிடி3 பந்தயக் காரின் முன்பக்கம் வெளியே நழுவுகிறது, பின் இறக்கையைக் கூட்டியும் நேரம் குறையவில்லை என்கிறீர்கள். முதலில் இறக்கையைப் பழையபடி வையுங்கள். அவ்வளவு மெதுவான வளைவில் அதற்கு வேலையே இல்லை, நேர்ச்சாலையில் வேகம்தான் போகும்.

கை வைக்க வேண்டியது முன் ஆன்டி ரோல் பாரில். மூலக்கொத்தளம் பக்கம் ஷேர் ஆட்டோ திரும்பும்போது நாம் ஒரு பக்கமாகச் சாய்வோமே, காரில் அந்தச் சாய்வைத் தடுப்பது இந்தக் கம்பிதான். முன்னால் அது ரொம்ப விறைப்பாக இருந்தால் வெளிப்பக்க முன் டயரில் சுமை அதிகமாக ஏறி, பிடி விட்டுவிடும். இரண்டு படி தளர்த்துங்கள். வேறு எதையும் தொடாமல் ஐந்து சுற்று ஓட்டுங்கள்.

டயர் சூடான பிறகு காற்றழுத்தம் 26-27 பிஎஸ்ஐக்குள் இருக்கட்டும். அப்புறமும் திரும்பவில்லையா? பிரேக் பயஸை (பிரேக் விசை முன், பின் சக்கரங்களுக்குப் பிரியும் விகிதத்தை) அரை சதவீதம் பின்னுக்குத் தள்ளி, பிரேக்கைச் சட்டென்று விடாமல் வளைவுக்குள் மெல்ல மெல்ல விடுங்கள். எனக்கு அதிக நேரம் மிச்சமானது இதில்தான். எந்தக் கார் என்று சொல்லுங்கள், சேர்ந்தே பார்ப்போம்.