சாணம் அள்ளவா இன்டர்ன்ஷிப்?

அன்புள்ள ஐயா,

விலங்கியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோடை விடுமுறையில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை. வீட்டில், “சாணம் அள்ளவா காலேஜுக்கு அனுப்பினோம்?” என்கிறார்கள். நண்பர்களோ, “அது விலங்குகளுக்குச் சிறை. ஆராய்ச்சி செய்யணும்னா காட்டுக்குப் போ” என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

க., தாம்பரம்

அன்புள்ள க.,

போங்கள். சாணமும் அள்ள வேண்டிவரலாம். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சருகுமான் முயலைவிடக் கொஞ்சம் பெரிய விலங்கு. சின்னச் சத்தத்துக்கே மிரண்டுவிடும். அடிக்கடி பிடித்து ரத்தம் எடுப்பதெல்லாம் அதற்குப் பெரிய வதை. அதனால் ஹைதராபாத்தில் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் லேகோன்ஸ் ஆய்வகத்தினர் அதன் சாணத்தைச் சேகரித்தார்கள். அழிந்துவரும் உயிரினங்களைக் காப்பதற்கான ஆய்வகம் அது. அதிலுள்ள ஹார்மோன் அளவை வைத்தே எப்போது பருவத்துக்கு வருகிறது, எப்போது சினையாகிறது என்று கண்டார்கள். அதே ஊரின் நேரு உயிரியல் பூங்காவோடு சேர்ந்து 2010-இல் தொடங்கிய அந்த இனப்பெருக்கத் திட்டத்தில் பிறந்த சருகுமான்களை 2017-இல் தெலங்கானாவின் அம்ராபாத் புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். இது எந்த விலங்கின் சாணம், எந்தத் தேதி என்று எழுதி உறையில் போட்டுவைத்த கைகள் இல்லாமல் இது நடந்திருக்காது. வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நண்பர்கள் சொல்வதை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. சின்னக் கூண்டுக்குள் ஒரே தடத்தில் போய்ப்போய்த் திரும்பும் கரடியைப் பார்த்த யாரும் ‘சிறை’ என்ற சொல்லை மறுக்க மாட்டார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த நடையைக் குறைக்க வேண்டுமென்றால், ஒரு நாளில் எத்தனை நிமிடம் அப்படி நடக்கிறது, எப்போது கூடுகிறது என்று யாராவது உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும். அந்த வேலைக்குத்தான் உங்களைப் போன்றவர்கள் வேண்டும்.

முதுகலை படித்தபோது ஒரு பூங்காவில் சோலைமந்திகளின் முன்னால் 40 நாள் உட்கார்ந்திருந்தேன். சிங்கவால் குரங்கு என்பதும் இதைத்தான். 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குரங்கும் என்ன செய்கிறது என்று கட்டத்தில் குறிக்க வேண்டும். தின்கிறது, பேன் பார்க்கிறது, சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். கண்ணில் பட்டதை மட்டும் எழுதினால் நோட்டு முழுக்கச் சண்டையும் சேட்டையும்தான் இருக்கும். சும்மா இருந்த நேரம் கணக்கிலேயே வராது. எப்படிப் பார்த்தால் கணக்கு பிசகாது என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974-இல் ஒரு கட்டுரையில் வகுத்துக் காட்டினார். கிளம்பும் முன் அதைத் தேடிப் படித்துவிடுங்கள்.

முதல் வாரம் எந்தக் குரங்கு எது என்றே எனக்குப் பிடிபடவில்லை. அங்கே காப்பாளராக இருந்த அண்ணன்தான் “அதுக்கு இடது காது கிழிஞ்சிருக்கும் பாருங்க” என்று ஒவ்வொன்றாக அறிமுகம் செய்தார். ஒருநாள் காலை, “கிழவி இன்னைக்கு வாழைப்பழத்தைத் தொடலை, டாக்டர்கிட்ட சொல்லணும்” என்றார். என் கட்டங்களில் அப்படி எதுவும் தெரியவில்லை. அவர் சொன்னது சரி, அதற்குப் பல்லில் சீழ் வைத்திருந்தது. காப்பாளர்களை மதித்துக் கேட்டுக்கொள்ளாத மாணவர் அங்கே பாதிப் படிப்பை இழக்கிறார்.

ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்றை என் நோட்டு காட்டியது. தட்டில் வைக்கும் உணவு அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். காட்டில் நாளின் பெரும்பகுதியை இரை தேடியே கழிக்கும் குரங்கு, மீதி நேரத்தை என்ன செய்யும்? அப்புறம் அதே உணவை மூங்கில் குழாய்களிலும் இலைகளுக்கு அடியிலும் ஒளித்துவைத்தோம். சும்மா உட்கார்ந்திருக்கும் கட்டங்கள் நாளுக்கு நாள் குறைந்தன. கட்டங்களைக் கூட்டிப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பூங்காக்களின் பதிவேடுகள் என்ன செய்யும் என்பதற்குக் கலிபோர்னியா காண்டார் கழுகுகளைப் பாருங்கள். 1987-இல் உலகத்தில் மொத்தமே 27. காட்டில் மிஞ்சியிருந்த கடைசிப் பறவையையும் அந்த ஆண்டு பிடித்து, கூண்டில் பெருக்கி, மறுபடி வானத்துக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு பறவையின் வம்சாவளியையும் மரபுப் பதிவையும் காத்து வைத்தார்கள். அந்தப் பதிவுகளை வழக்கம்போலச் சரிபார்த்தபோது, தகப்பனே இல்லாமல் இரண்டு குஞ்சுகள் பிறந்திருந்தது தெரியவந்தது. சான் டியேகோ ஆய்வாளர்கள் 2021-இல் அதை வெளியிட்டார்கள். காட்டில் மட்டும் தேடியிருந்தால் இது அகப்பட்டிருக்குமா?

ஒரு எச்சரிக்கை. புலிக்குட்டியைத் தூக்கிவைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆசைகாட்டிப் பணம் கேட்கும் இடங்கள் வெளிநாடுகளில் உண்டு. அந்தப் பக்கம் போகாதீர்கள். படம் எடுப்பதற்காகக் குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பது விலங்குப் பாதுகாப்பு ஆகாது.

வண்டலூருக்கு விண்ணப்பிக்கும்போது “விலங்குகள் மீது ஆர்வம்” என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு கேள்வியோடு போங்கள். பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை அத்தனை கூட்டம், செவ்வாயன்று ஒரு ஆள் இல்லை. இந்த இரண்டு நாளிலும் ஒரே குரங்குக் கூட்டம் ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா? முதலில் நான்கைந்து ஞாயிறு டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்துக் குறித்துவையுங்கள். செவ்வாயன்று உள்ளே உட்கார அனுமதி வேண்டும், அதைக் கேட்டு அந்த நோட்டோடு கடிதம் கொடுங்கள்.