பழைய கல்லூரியை மறைக்கலாமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிப்பவன். இது இலக்கியம் சார்ந்த கேள்வி அல்ல, பொறுத்தருளவும். பொறியியல் படிக்கிறேன். நான்கு செமஸ்டர் முடிந்துவிட்டது. முதல் செமஸ்டர் சுமாராகப் போனது, பிறகு ஒவ்வொன்றாகச் சரிந்தது. 60 கிரெடிட் (பாடங்களின் எடையைக் குறிக்கும் அலகு) முடிவில் என் ஜி.பி.ஏ., அதாவது சராசரி மதிப்பெண், நான்குக்கு 1.8. ஐந்து பாடங்களில் தோல்வி. மதிப்பெண் குறைந்ததால் புரபேஷனில், அதாவது எச்சரிக்கைக் கண்காணிப்பில், வைத்திருக்கிறார்கள். பேராசிரியர்களின் முகத்தைப் பார்க்கவே கூசுகிறது. வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய் முதலிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றுகிறது. நண்பன் ஒருவன், ‘இங்கே படித்ததையே சொல்லாதே, பள்ளி மதிப்பெண்ணை மட்டும் காட்டி முதலாண்டுக்கு விண்ணப்பி’ என்கிறான். செய்யலாமா? அப்பாவுக்கு இதுவரை எதுவும் தெரியாது. அவரிடம் எப்போது சொல்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்லும் வழி வேண்டாம். அறம் பேச வரவில்லை. நடைமுறையிலேயே அது படுமோசமான யோசனை. இதற்கு முன் படித்த எல்லாக் கல்வி நிறுவனங்களையும் குறிப்பிடச் சொல்லி விண்ணப்பத்தில் ஓர் இடம் இருக்கும். எழுதியதெல்லாம் உண்மை என்று அடியில் கையெழுத்தும் கேட்பார்கள். அமெரிக்காவில் யார் எந்தக் கல்லூரியில் சேர்ந்தார்கள் என்ற பதிவுகளைத் திரட்டித் தருவதற்கென்றே நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் என்ற அமைப்பு 1993 முதல் இயங்குகிறது. மறைத்தது தெரிந்தால் சேர்க்கை ரத்தாகும். பட்டம் வாங்கிய பிறகு தெரியவந்தால் பட்டமே பறிபோகலாம். 1.8 ஏன் வந்தது என்று ஒரு பத்தியில் சொல்லிவிட முடியும். பொய்யாகப் போட்ட கையெழுத்துக்கு என்ன சொல்வீர்கள்? தவிர, மறைத்தால் நீங்கள் தேறிய பாடங்களும் சேர்ந்தே தொலையும். அவை நீங்கள் படித்துத் தேறியவை, ஏன் விடவேண்டும்?

முதலிலிருந்து தொடங்குவது என்பது ஓரளவுக்கு உண்மைதான். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பழைய இடத்திலிருந்து கிரெடிட் மட்டும்தான் வரும், மதிப்பெண் வராது. புதிய இடத்தில் ஜி.பி.ஏ. புதுக்கணக்காகத் தொடங்கும். ஆனால் பொதுவாக சி கிரேடுக்குக் கீழே வாங்கிய பாடங்களை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பழைய பட்டியலும் ஒழிந்துவிடாது. நாளைக்கு அங்கே மருத்துவம் படிக்க விண்ணப்பித்தால், ஏ.எம்.சி.ஏ.எஸ். எனும் பொது விண்ணப்ப அமைப்பு நீங்கள் படித்த எல்லாக் கல்லூரிகளின் மதிப்பெண்களையும், தோற்ற பாடங்கள் உட்பட, ஒன்றாகக் கூட்டித்தான் கணக்கிடும். ஜெர்மனியில் விதி இன்னும் கடுமை. கட்டாயத் தேர்வு ஒன்றில் அனுமதித்த வாய்ப்புகள் எல்லாம் தீர்ந்து இறுதியாகத் தோற்றுவிட்டால், அதே படிப்பை வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர்வது பெரும்பாலும் முடியாது. ஆகவே உங்கள் ஐந்து பாடங்களில் இன்னும் எத்தனை வாய்ப்பு மிச்சம் என்பதை முதல் வேலையாகப் பாருங்கள்.

நான் சில காலம் சேர்க்கைக் குழுவில் இருந்தவன். டிரான்ஸ்கிரிப்ட் எனும் மதிப்பெண் பட்டியல் கையில் வந்ததும் மொத்த ஜி.பி.ஏ.வைப் பார்ப்போம், உண்மை. ஆனால் அங்கே நிற்க மாட்டோம். கண் நேராகக் கடைசி செமஸ்டருக்குப் போகும். பிறகு கீழிருந்து மேலே வாசிப்போம். ஒரே செமஸ்டரில் தோல்வியைக் குறிக்கும் எஃப் வரிசையாக விழுந்து முன்னும் பின்னும் நன்றாக இருந்தால், நோயோ வீட்டில் சாவோ நேர்ந்திருக்கும் என்று ஊகிப்போம். கணக்கும் இயற்பியலும் மட்டும் தோற்று மற்றவை தேறியிருந்தால் பையன் தவறான துறையில் மாட்டிக்கொண்டான் என்று பொருள். பாதியில் விலகியதைக் காட்டும் டபிள்யூ ஒன்றிரண்டு இருந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை, செமஸ்டர்தோறும் இருந்தால் புருவம் உயரும். உங்களுடையது படிப்படியான சரிவு. வாசிக்கக் கடினமானது இந்த வகைதான், காரணம் காகிதத்தில் தெரியாது.

உங்கள் கடிதத்திலும் தெரியவில்லை. கிரெடிட் எத்தனை, தோற்றது எத்தனை என்று துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று ஒரு வரிகூட இல்லை. புதிய பல்கலைக்கழகம் தேடப்போவது அந்த ஒரு வரியைத்தான்.

காரணம் அந்த இடத்தில் இருந்தால் மாறுங்கள். துறையில் இருந்தால், பல்கலைக்கழகத்தை விடாமலேயே துறையை மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள். தூக்கமின்மை, மனச்சோர்வு, பழக்கம் என்று ஏதாவது இருந்தால் அது உங்களோடு பெட்டி கட்டிக்கொண்டு புதிய விடுதிக்கும் வரும். மருத்துவரைப் பார்க்க வேண்டியது இப்போது. முகம் கூசுவதை மட்டும் காரணமாகக் கொள்ளாதீர்கள். மாறுதலுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டால் அதை எழுதித் தரப்போவது அதே பேராசிரியர்களில் ஒருவர்தான்.

என் யோசனை, இன்னும் ஒரு செமஸ்டர் இருங்கள். நான்கே பாடம், 12 கிரெடிட் எடுங்கள். அதில் 3.5 வாங்கினால் மொத்தம் 2.08 ஆகும். இரண்டைத் தாண்டினால் பல இடங்களில் புரபேஷன் நீங்கிவிடும். தோற்ற பாடங்களைத் திரும்ப எழுதி, பழைய மதிப்பெண்ணுக்குப் பதில் புதியதைக் கணக்கில் கொள்ளும் விதி உங்களிடம் இருந்தால் இன்னும் ஏறும். 2.08 ஒன்றும் பெரிய எண் அல்ல. ஆனால் கீழிருந்து வாசிப்பவர் கண்ணில் முதலில் படுவது 3.5.

பிறகு விளக்கம் எழுதுவது. ‘தவிர்க்க முடியாத தனிப்பட்ட சூழ்நிலைகளால் என் படிப்பு பாதிக்கப்பட்டது, எனினும் நான் கடின உழைப்பாளி’ என்ற ரகத்தில் எத்தனையோ வாசித்திருக்கிறேன். ஒன்றும் மனதில் நிற்காது. ‘இரண்டாம் செமஸ்டரிலிருந்து இரவு வேலைக்குப் போனேன், காலை வகுப்புகள் தவறின. வேலையை விட்டபின் எடுத்த நான்கு பாடங்களிலும் பி-க்குக் குறையவில்லை’ என்றால் வாசிப்பவர் பட்டியலைத் திருப்பிச் சரிபார்ப்பார். சரியாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. (இது நான் கற்பனையாக எழுதிய காரணம். தயவுசெய்து எடுத்துக் கையாளாதீர்கள்.) யார்மீதும் பழி போடவும் வேண்டாம். நடந்ததைவிட, அதன்பின் மாறியதற்கு அதிக இடம் கொடுங்கள். ஒரு பத்தி போதும்.

புதிய இடத்தில் எழுத்துபூர்வமாகச் சேர்க்கை கிடைக்கும்வரை பழைய இடத்திலிருந்து விலகாதீர்கள். தேறிய பாடங்களின் சிலபஸைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், கிரெடிட் கொடுக்கும்போது அதைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அப்பாவிடம் விண்ணப்பம் போடும் முன்பே சொல்லுங்கள். பாதிப் பாடங்கள் ஏற்கப்படாவிட்டால் படிப்பு ஓர் ஆண்டாவது நீளும், பணம் கட்டுபவருக்கு அது தெரிய வேண்டும். சுற்றி வளைக்காமல் டிரான்ஸ்கிரிப்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். கத்துவார். கத்தி முடித்ததும் ஏன் என்று கேட்பார். உங்கள் கடிதத்தில் விட்டுப்போன அந்த வரியை அவரிடம் முதலில் சொல்லிப் பாருங்கள். செமஸ்டர் பதிவு தொடங்குமுன் இது நடந்துவிட்டால் நல்லது, எத்தனை பாடம் எடுப்பது என்பதை இருவருமாகவே முடிவு செய்யலாம்.

அன்புடன்.