கரை வேட்டியும் கணக்கு நோட்டும்

வாசகர் கேள்வி – பதில்

குடியாத்தம் வாசகர்: எங்கள் அப்பா ஒரு கட்சி, மாமனார் அதற்கு நேர் எதிர்க் கட்சி. இரண்டு வீடும் ஒரே தெரு, ஒரே குழாய் லைன். அப்பாவைக் கேட்டால் "தண்ணி தாராளமா வருது" என்கிறார். மாமனார் "எங்க வந்துக்கினு கீது?" என்கிறார். ஆட்சி மாறினால் இருவரும் வசனத்தை மாற்றிக்கொள்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் விடுங்கள், குடத்தை நம்புங்கள்.

இருவரும் தெரிந்தே பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் வந்த நாள் ஒருவருக்கு நினைவில் நிற்கிறது, வராத நாள் மற்றவருக்கு. அமெரிக்காவில் ரீகன் ஆட்சியின் எட்டு ஆண்டுகளில் விலைவாசி உயரும் வேகம் 13 சதவீதத்துக்கு மேலிருந்து 4 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. 1988இல் எடுத்த கருத்துக்கணிப்பில், ரீகனுக்கு எதிர்க் கட்சியான ஜனநாயகக் கட்சியின் தீவிர ஆதரவாளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அது கூடிவிட்டது என்றே பதில் சொல்லியிருந்தார்கள். லாரி பார்ட்டெல்ஸ் என்ற அரசியல் ஆய்வாளர் இதை எடுத்துக்காட்டினார். தினமும் கடைக்குப் போய் வந்தவர்கள்தான் அத்தனை பேரும்! பிற்பாடு வேறு ஆய்வாளர்கள், சரியான விடைக்குச் சிறு தொகை தருவதாகச் சொல்லி இதே மாதிரிக் கேள்விகளைக் கேட்டபோது, இரு கட்சியினரின் பதில்களுக்கு இடையே இருந்த தூரம் பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. ஆக, கொஞ்சம் உண்மையான மறதி, கொஞ்சம் கட்சிக்காகப் போடும் கோஷம்.

உங்கள் தெருவில் செய்ய வேண்டியது இது. இரண்டு வீட்டுக் குழாயடியிலும் ஒரு நோட்டு. தேதி, தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், பிடித்த குடம். இந்த நான்கைத் தவிர வேறெதுவும் எழுதக்கூடாது. "பரவாயில்லை", "மோசம்" எல்லாம் தடை. பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர். ஒருமுறை அளந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு நேராகப் போகும் வீடாக இருந்தால் தொட்டியின் உயரத்தை ஸ்கேலால் குறியுங்கள். வராத நாளில் 0 என்று எழுதுவது முக்கியம். பெரும்பாலானோர் கோபம் வந்த அன்று மட்டும் எழுதுவார்கள், அந்த நோட்டு எதற்கும் உதவாது. நான்கு வாரம் போதும்.

பிறகு கணக்கு. நான்கு நாளுக்கு ஒருமுறை வந்து, 60 குடம் பிடித்து, வீட்டில் ஐந்து பேர் என்றால்: 900 லிட்டர், நான்கால் வகுத்தால் 225, ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர். அரசே வைத்திருக்கும் அளவுகோல், பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு 135, இல்லாத நகரத்துக்கு 70, கிராமத்துக்கு 55. இப்போது யார் ஆண்டாலும் 45 என்பது 45தான்.

இன்னொன்று. இரண்டு நோட்டும் வேறு வேறு கணக்கு காட்டலாம். லைனின் தொடக்கத்தில் உள்ள வீட்டுக்கு அழுத்தம் அதிகம், கடைசி வீட்டுக்குக் குறைவு. நடுவில் யாராவது குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் கடைசி வீட்டுக்குக் காற்றுதான் வரும். அப்பா, மாமனார் இருவருமே உண்மை பேசியிருக்க வாய்ப்புண்டு, அதில் எந்தக் கட்சிக்கும் பங்கில்லை.

காட்பாடி வாசகர்: வேலூர் நாடாளுமன்றத் தொகுதியில் 2019இல் 8,141 ஓட்டு வித்தியாசம். 2024இல் அதே வேட்பாளர் 2,15,702 ஓட்டில் ஜெயித்தார். ஆட்சியின் திறமைக்கு மக்கள் தந்த சான்றிதழ் இது என்கிறார் நண்பர். சரிதானா?

பதில்: வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். எண்களைப் பிரித்துப் போடுங்கள்.

2019 ஆகஸ்ட் தேர்தலில் திமுகவின் கதிர் ஆனந்துக்கு 4,85,340. அதிமுக கூட்டணியில் இரட்டை இலையில் நின்ற ஏ.சி.சண்முகத்துக்கு 4,77,199. 2024இல் அதே கதிர் ஆனந்துக்கு 5,68,692. சண்முகம் இந்த முறை பாஜக கூட்டணியில் தாமரையில் நின்று 3,52,990 பெற்றார். அதிமுக தனியே நின்று சுமார் 1.17 லட்சம் வாங்கியது. எதிரே நின்ற அந்த இரண்டையும் கூட்டினால் 4.70 லட்சம். ஐந்து ஆண்டுக்கு முன் ஒரே பெட்டியில் விழுந்த 4.77 லட்சத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது!

வென்றவருக்கு 83,000 ஓட்டு கூடியது உண்மை. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வித்தியாசம் 26 மடங்கு ஆனதற்கு முதல் காரணம் எதிரணி இரண்டாகப் பிரிந்தது. ஆட்சி 26 மடங்கு சிறந்துவிடவும் இல்லை. தோற்றவர் பக்கத்து ஆட்கள் "மக்கள் ஏமாந்துவிட்டார்கள்" என்று சொல்வதும் இதே தப்புதான், திசை மட்டும் வேறு. கூட்டணிக் கணக்கை ஆட்சிக் கணக்காக வாசிப்பது நம்மூர் டீக்கடைகளின் நிரந்தர வியாதி. வாக்குச்சாவடி வாரியாகப் பார்க்க விரும்பினால் தேர்தல் ஆணையம் வெளியிடும் படிவம் 20ஐ எடுத்துப் பாருங்கள். இரண்டு தேர்தலுக்கும் இடையில் சாவடி எண்கள் மாறியிருக்கும், எனவே எண்ணை விட்டுப் பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்து ஒப்பிடுங்கள்.

ஆற்காடு வாசகர்: "வேலூர் மாவட்டத்தில் பள்ளிகள் பாதிக்கு மேல் மூடல்" என்று ஒரு வரைபடம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 2018க்கும் 2020க்கும் ஒப்பீடு. இவ்வளவு மோசமா?

பதில்: பள்ளிகள் அப்படியே இருக்கின்றன, மாவட்டம்தான் சின்னதாகிவிட்டது. 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கில் 39 லட்சத்துக்கு மேல் இருந்த வேலூர், பிரிந்தபின் அதே கணக்கில் சுமார் 16 லட்சம். பள்ளி, ரேஷன் கடை, டிராக்டர், எதை எண்ணினாலும் 'சரிவு' தெரியும். நீங்களே இப்போது ராணிப்பேட்டை மாவட்டம்!

இந்த மாதிரிப் படத்தைப் பார்த்ததும் மூன்று மாவட்டங்களையும் கூட்டி 2018உடன் ஒப்பிடுங்கள். நேர்மாறான கண்ணியும் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு வெளிவந்தபோது மாவட்டம் பிரிந்திருந்தது, ஆனாலும் அதில் 'வேலூர்' என்பது பழைய பெரிய வேலூர்தான். அந்த எண்ணை இன்றைய வேலூர் கலெக்டரின் கணக்கில் எழுதக்கூடாது.

வாலாஜாபேட்டை வாசகர்: சொத்து வரியை எந்தக் கட்சி உயர்த்தியது?

பதில்: இரண்டும். 2018 ஜூலையில் அதிமுக அரசு உயர்த்தியது, திமுக தெருவில் இறங்கியது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் வரப்போகும் நேரத்தில், அந்த உயர்வை அரசு நிறுத்திவைத்தது. 2022 ஏப்ரலில் திமுக அரசு உயர்த்தியது, அதிமுக தெருவில் இறங்கியது. சென்னைக்கு வெளியே வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று அடுக்கு வைத்தார்கள். ஒன்றிய அரசின் 15ஆவது நிதிக்குழு நகராட்சி மானியத்துக்குச் சொத்து வரியை நிபந்தனையாக வைத்தது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். நிபந்தனை இருந்தது நிஜம். எவ்வளவு உயர்த்துவது, யாருக்குச் சலுகை என்பது மாநிலத்தின் முடிவு. இந்த இரண்டையும் கலந்து பேசுவதில் எல்லாக் கட்சிக்கும் லாபம் உண்டு.

இங்கே ஒரு சோதனை சொல்கிறோம். 2022இல் நீங்கள் சொன்ன வாதத்தை ஒரு தாளில் எழுதுங்கள். அதில் கட்சிப் பெயரையும் ஆண்டையும் மட்டும் அடித்துவிட்டு 2018 என்று போட்டு உரக்கப் படியுங்கள். வாய் கூசாமல் படிக்க முடிந்தால் அது வாதம். கூசினால் அது கொடி.

ஆம்பூர் வாசகர்: பாலாறு கெட்டதற்கு எந்த ஆட்சி காரணம்?

பதில்: வேலூரைப் பற்றிய பழைய கேலியில் "தண்ணி இல்லாத ஆறு" என்று ஒரு வரி உண்டு. "சாமி இல்லாத கோயில்" என்ற வரி 1981இல் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரைத் திரும்ப எழுந்தருளச் செய்ததும் பொய்யானது. ஆற்றின் வரி மட்டும் பெரும்பாலான மாதங்களில் அப்படியேதான் நிற்கிறது.

தோல் தொழிற்சாலைக் கழிவு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அதே ஆற்றுக்காக அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. நடுவில் இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டன. தண்ணீர் வரத்து இன்னும் பழைய கதை: மதராஸ் – மைசூர் நதிநீர் ஒப்பந்தம் 1892ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ஆறு கர்நாடகத்தில் பிறந்து ஆந்திரம் வழியாக வருகிறது, அங்கே தடுப்பணைகள். மணல் அள்ளியது நம் கைங்கரியம். ஆற்றின் நிறத்தை வைத்து ஒரு ஐந்தாண்டு ஆட்சிக்கு மதிப்பெண் போட்டால் முந்தைய நூறாண்டின் பாவத்தையும் சேர்த்து ஒருவர் தலையில் கட்டுகிறோம்.

ஆட்சிக்கு ஆட்சி மாறக்கூடியது எது என்று தேடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆண்டுக்கு எத்தனை முறை மாதிரி எடுத்தது, அதில் எத்தனை தேறவில்லை, எத்தனை நோட்டீஸ், எத்தனை ஆலைக்கு மின்சாரத்தைத் துண்டித்தார்கள். வெளியேற்றும் நீரில் கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்பது வழக்கமான வரம்பு. அதை வைத்துப் பார்க்கலாம்.

இதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு, 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப், பதிவுத் தபால். வறுமைக் கோட்டுக்குக் கீழ் என்றால் கட்டணம் இல்லை, சான்று இணைக்க வேண்டும். பெரும்பாலான மனுக்கள் ஒரே ஒரு சொல்லால் வீணாகின்றன: "ஏன்". "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று எழுதினால் விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். "2016 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை எடுத்த மாதிரிகளின் ஆய்வறிக்கை நகல், நிதியாண்டு வாரியாக" என்று எழுதுங்கள். காலத்தை இரண்டு கட்சி ஆட்சியும் உள்ளே வரும்படி வைப்பது அவசியம். ஒரே ஆட்சியின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரிக்கு முதல் முறையீடு, அதற்கும் வழி பிறக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தப்பான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் பயப்பட வேண்டாம், 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு.

சத்துவாச்சாரி வாசகர்: படித்தவர்களுக்கு இந்தக் கட்சிப் பித்து குறைவுதானே?

பதில்: இல்லை. டான் கஹான் என்ற ஆய்வாளரின் குழுவினர், துப்பாக்கிக் கட்டுப்பாடு கட்சிச் சண்டையாக இருக்கும் அமெரிக்காவில் செய்த சோதனையில் ஒரே எண் அட்டவணையை ஒரு தரப்புக்குத் தோல் களிம்பின் பலன் என்றும், இன்னொரு தரப்புக்குத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டின் பலன் என்றும் கொடுத்தார்கள். களிம்பு என்றபோது கணக்கில் கெட்டிக்காரர்கள் சரியாகச் சொன்னார்கள். துப்பாக்கி என்றதும், கட்சிக்கு ஒத்துவராத விடையில் அவர்களே அதிகம் வழுக்கினார்கள். கெட்டிக்காரத்தனம் வக்கீல் வேலைக்கும் உதவும்.

பேரணாம்பட்டு வாசகர்: 2021 நவம்பர் வெள்ளத்தின்போது நிவாரணம் சீக்கிரம் வந்ததா, தாமதமா என்று இன்றும் சண்டை. வெள்ளத்தில் ஆட்சியை எடைபோட நிவாரணம் சரியான அளவுகோலா?

பதில்: பாதி அளவுகோல். ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கத் தேர்தல்களைப் பார்த்துச் சொன்னது: நிவாரணப் பணத்துக்கு வாக்காளர்கள் ஓட்டுப் போடுகிறார்கள், தடுப்புச் செலவுக்குப் போடுவதில்லை. தடுப்புக்குச் செலவிட்ட 1 டாலர் பின்னால் சுமார் 15 டாலர் சேதத்தைக் குறைத்தது என்பது அவர்கள் மதிப்பீடு. ஓட்டு எங்கே விழுகிறதோ அங்கேதான் அரசும் கை நீட்டும். இதில் நம் பங்கும் இருக்கிறது.

எனவே செப்டம்பரில் ஏரிக்குப் போங்கள். மதகின் ஷட்டர் ஏறி இறங்குகிறதா, திருகுத்தண்டில் கிரீஸ் இருக்கிறதா, கலங்கலுக்குக் கீழே ஓடையை யாராவது மண் கொட்டி அடைத்திருக்கிறார்களா, வரத்துக்கால்வாயில் சீமைக்கருவேலம் எத்தனை அடிக்கு நிற்கிறது, கரையில் பன்றி தோண்டிய வளை உண்டா. ஒவ்வொன்றுக்கும் கைபேசியில் ஒரு படம், தேதியும் இடமும் தெரியும்படி. அடுத்த செப்டம்பரில் அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் மறுபடி எடுங்கள். ஏரி நீர்வளத்துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஊராட்சித் தலைவரைத் திட்ட வேண்டியதற்கு அமைச்சரையும், அமைச்சரைத் திட்ட வேண்டியதற்குத் தலைவரையும் திட்டிக்கொண்டிருப்போம்.

அணைக்கட்டு வாசகர்: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக ஒரே சின்னம். இதையெல்லாம் படித்தால் சின்னத்தை மாற்றச் சொல்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

பதில்: சொல்லவில்லை. சாதி மரியாதை, மொழி, தாத்தாவுக்குக் கிடைத்த நிலப் பட்டா, தலைவர் மேல் பாசம் என ஓட்டுக்குப் பல நியாயங்கள் உண்டு. அதில் தலையிட எங்களுக்கு உரிமையில்லை. அதே சின்னத்துக்கே போடுங்கள். கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கூட வேண்டும். அங்கே வரவு செலவு வாசிக்கும்போது எழுந்து, போன கூட்டத்துத் தீர்மானங்களில் முடிந்தவை எத்தனை என்று கேளுங்கள். உங்கள் கட்சித் தலைவர் உட்கார்ந்திருக்கும் ஊராட்சியில் கேட்டால் இன்னும் நல்லது. எதிர்க் கட்சிக்காரர் கேட்டால் அரசியல் என்று தள்ளிவிடுவார்கள், உங்களை அப்படித் தள்ள முடியாது.