முதலில் ஏறும் உரிமை யாருக்கு? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி): ஐயா, சில மாதங்களுக்கு முன் என் தாயாரை அழைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சென்றேன். அம்மாவுக்கு வயது 74. இரண்டு முழங்கால்களிலும் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் கேட்டிருந்தும், விமான நிலையத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகே அது கிடைத்தது. அதற்குள் பத்துப் பதினைந்து பேர் வீல்சேரில் அமர்ந்து எங்களுக்கு முன்பே விமானத்தில் ஏறிவிட்டார்கள். சிங்கப்பூரில் இறங்கியதும் அவர்களில் பெரும்பாலோர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து போனார்கள். அம்மா மட்டும் கடைசி ஆளாக இறங்கினார். இது நியாயமா? நான் அங்கேயே புகார் செய்திருக்க வேண்டுமா?

பதில்: அம்மா, உங்கள் தாயார் காத்திருந்த அந்த முக்கால் மணி நேரம் நியாயமானதல்ல. முன்கூட்டியே கேட்டிருந்த நாற்காலியை ஆயத்தமாக வைக்காதது நிறுவனத்தின் குறை. புகார் செய்வதானால் அதைப் பற்றித்தான் செய்ய வேண்டும், இப்போதுகூட எழுத்தில் செய்யலாம். நடந்து போனவர்களைப் பற்றிப் புகார் செய்வதில் எனக்குத் தயக்கம் உண்டு.

விமான நிறுவனங்கள் வீல்சேர் தேவையை மூன்று குறியீடுகளால் பிரிக்கின்றன. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் அந்தப் பயணியால் படி ஏற முடியும், விமானத்துக்குள் தாமாக நடக்க முடியும், நிலையத்தின் நெடுந்தொலைவை மட்டும் நடக்க முடியாது என்று பொருள். டபிள்யூ.சி.எச்.எஸ். என்பது படி ஏற இயலாதவருக்கு. டபிள்யூ.சி.எச்.சி. என்பது இருக்கை வரை கொண்டுபோய் அமர்த்த வேண்டியவருக்கு. முதல் வகையைச் சேர்ந்த ஒருவர் இறங்கும் இடத்தில் நாற்காலிக்காகக் காத்திருந்தால் எல்லோரும் போன பிறகே வெளியே வர முடியும் என்பதால், வலியைப் பொறுத்துக்கொண்டு நடந்துவிடுவதும் உண்டு. இதய நோய், மூச்சிரைப்பு, அண்மையில் செய்த அறுவை ஆகியவை எதிரில் நிற்பவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே நீங்கள் கண்ட பதினைந்து பேரில் யார் உண்மை, யார் பொய் என்று நீங்களோ நானோ பிரித்துச் சொல்ல முடியாது.

அதற்காகப் பொய்யே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளின் விமானப் பயண உரிமைக்காக 1986-இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன் கீழ் அமைந்த விதிகளின்படி, ஊனம் காரணமாக ஏறுவதற்குக் கூடுதல் நேரமோ உதவியோ தேவை என்று கேட்டில் சொல்பவரை நிறுவனம் முன்னதாக ஏற அனுமதிக்க வேண்டும். சொல்லை நம்பும் இந்த ஏற்பாட்டைத் தவறாகப் பயன்படுத்துவோர் பெருகியதால், ஏறும்போது வீல்சேரும் இறங்கும்போது வேகநடையுமாக அமையும் பயணங்களுக்கு அங்கே ‘அற்புத விமானங்கள்’ என்றே பெயர் வந்துவிட்டது. ஃபிரான்டியர் என்ற நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி 2024-இல், ஒரு விமானத்தில் 20 பேர் வீல்சேரில் ஏறியதையும், இறங்கும்போது மூவருக்கு மட்டுமே அது தேவைப்பட்டதையும் தாம் கண்டதாகப் பொதுமேடையில் கூறினார். இறங்குவதைப் பற்றி நான் மேலே சொன்னதைக் கழித்துப் பார்த்தாலும் அந்த இடைவெளி மிகப் பெரியது.

இந்தப் பொய்யால் நட்டப்படுபவர் வரிசையில் நிற்கும் நானோ மற்றவர்களோ அல்லர். எங்களுக்கு ஐந்து நிமிடம் போகலாம். விமானம் எல்லோரையும் ஒரே நேரத்தில்தான் கொண்டு சேர்க்கிறது. நட்டம் முழுவதும் உங்கள் தாயாரைப் போன்றவர்களுடையது. வீல்சேர்களும் அவற்றைத் தள்ளும் பணியாளர்களும் எண்ணிக்கைக்கு உட்பட்டவர்கள். 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில், வீல்சேர் கேட்டு வந்த முதிய தம்பதியருக்கு ஒரே ஒரு நாற்காலி கிடைக்க, மனைவியை அதில் அமரச் செய்துவிட்டு உடன் நடந்து சென்ற 80 வயதுப் பெரியவர் மயங்கி விழுந்து இறந்தார். நாற்காலிகளுக்கு அன்று மிகுந்த தேவை இருந்தது என்பது நிறுவனம் தந்த விளக்கம். விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. தேவையில்லாமல் ஒரு நாற்காலியைக் கேட்கும் ஒவ்வொருவரும் இந்த நிகழ்ச்சியை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (பேராவூரணியிலிருந்து ஒரு வாசகர்): என் பெற்றோர் முதல் முறையாக அமெரிக்காவில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் போகிறார்கள். இருவருக்கும் உடல்நலம் நன்றாகவே இருக்கிறது. அப்பா இன்றும் வயலுக்குப் போகிறார். ஆனால் ஆங்கிலமோ இந்தியோ தெரியாது. இடையில் விமானம் மாற வேண்டும். டிராவல்ஸ்காரர், “இரண்டு வீல்சேர் போட்டுவிடுகிறேன், அவர்களே கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிடுவார்கள்” என்கிறார். இது பொய் ஆகாதா?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களிலிருந்து பிள்ளைகள் வெளிநாடு சென்ற வீடுகளில் இந்த யோசனை சொல்லப்படாத வீடு குறைவு. அதைச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வாழ்நாளில் சென்னையைத் தாண்டாத இருவர், அறிவிப்புப் பலகையை வாசிக்கத் தெரியாமல், அயல்நாட்டு நிலையத்தில் ரயில் ஏறி முனையம் மாறி, பாதுகாப்புச் சோதனையைக் கடந்து, அடுத்த கேட்டைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் அவர்கள் அஞ்சுவதில் முழு நியாயம் இருக்கிறது. அவர்களுக்கு உதவி தேவை. ஆனால் அந்த உதவி நாற்காலி அல்ல, வழிகாட்டும் ஓர் ஆள்.

அதற்கென்றே ‘மீட் அண்ட் அசிஸ்ட்’ என்ற சேவை இருக்கிறது. நிறுவனங்களின் பதிவில் அதற்கு எம்.ஏ.ஏ.எஸ். என்று தனிக் குறியீடும் உண்டு. சில நிறுவனங்களும் நிலையங்களும் கட்டணம் வாங்குகின்றன. சில, மொழி தெரியாத முதியவர் என்று சொன்னால் இலவசமாகவே செய்கின்றன. டிராவல்ஸ்காரரிடம் அதைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லையென்றால் நீங்களே நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள். கடைசி நேரத்தில் கேட்காமல், குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாவது கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். ஓர் அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக, விமான எண், மாற வேண்டிய ஊர், தம்பியின் தொலைபேசி எண், “எங்களுக்குத் தமிழ் மட்டுமே தெரியும், அடுத்த விமானத்தின் கேட்டுக்கு வழிகாட்டுங்கள்” என்ற வரி ஆகியவற்றை எழுதி இருவரிடமும் தனித்தனியாகக் கொடுங்கள். ஒருவரிடம் மட்டும் கொடுத்தால், இருவரும் பிரிய நேர்ந்தால் மற்றவர் கையில் ஒன்றும் இராது.

இவ்வளவு முயன்றும் வழிகாட்டும் சேவை கிடைக்கவில்லை, தாயாருக்கு அவ்வளவு தொலைவு நடப்பது உண்மையிலேயே கடினம் என்றால் அவருக்கு மட்டும் வீல்சேர் கேளுங்கள். தொலைவு நடக்க முடியாதவருக்கான வகை இருக்கிறது என்று மேலே சொன்னேன். தந்தையார் உடன் நடந்து வரலாம், அதே பணியாளர் இருவரையும் அழைத்துப் போவார். நீங்கள் பேராவூரணிக்காரர். மேட்டூர் திறந்து கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்தும், தலைமடையில் தேவைக்கு மேல் திருப்பிக்கொள்வதால் கடைமடை வயல் காய்வது எப்படியிருக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வயலுக்குப் போகும் உங்கள் தந்தையார் கேட்காமல் விடும் அந்த ஒரு நாற்காலி, கும்பகோணத்து அம்மாவைப் போன்ற ஒருவருக்குப் போய்ச் சேரும்.

கேள்வி (திருவாரூரிலிருந்து ஒரு வாசகர்): இருக்கை எண் முன்பே முடிவாகிவிட்ட விமானத்தில் முதலில் ஏறுவதற்கு ஏன் இவ்வளவு போட்டி? பணம் கொடுத்து முதலில் ஏறுவது சரியா?

பதில்: போட்டி இருக்கைக்கு அல்ல, தலைக்கு மேலுள்ள பெட்டித்தட்டுக்கு. நம் உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு வழக்கமான வரம்பு 7 கிலோ. ஏறத்தாழ 180 பேர் அமரும் ஏ320 வகை விமானத்தில், ஆளுக்கொரு சக்கரப்பெட்டியும் அதற்கு மேல் இன்னொரு பையும் கொண்டுவந்தால் கடைசியில் ஏறுபவருக்கு இடமிருக்காது. அந்த அச்சம்தான் கேட்டின் முன் ஐம்பது பேரை எழுந்து நிற்கச் செய்கிறது. கைப்பை வரம்பை கேட்டிலேயே கண்டிப்பாகச் சரிபார்த்தால் போட்டியில் பாதி அடங்கும் என்பது என் உறுதியான எண்ணம். அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்தில் பல்லாண்டுகளாக இருக்கை எண்ணே இல்லாமல் இருந்தது. முதலில் ஏறியவர் விரும்பிய இடத்தில் அமர முடிந்தது. வீல்சேர் முறைகேடு குறித்து மிகுதியாகக் குற்றச்சாட்டு எழுந்த இடங்களில் அதுவும் ஒன்று. 2026 ஜனவரி 27 முதல் அங்கும் இருக்கை எண் வந்துவிட்டது. பரிசை எடுத்துவிட்டால் பொய்க்கும் வேலை குறைகிறது.

ஏற்றும் முறையிலும் திருத்தத்துக்கு இடமுண்டு. ஜேசன் ஸ்டெஃபன் என்ற இயற்பியலாளர் 2008-இல் இதைக் கணக்கிட்டார். 2011-இல் ஒரு மாதிரி விமானத்தில் 72 பேரை வைத்துச் சோதித்தபோது, பின்வரிசையிலிருந்து தொகுதி தொகுதியாக ஏற்றும் முறைக்கு ஏறக்குறைய 7 நிமிடம் பிடித்தது. ஜன்னல் பக்கத்தவரை முதலிலும், ஒருவரோடொருவர் முட்டாதபடி ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாகவும் ஏற்றும் அவருடைய முறைக்கு அதில் பாதி நேரமே ஆனது. எந்த ஒழுங்கும் இல்லாமல் ஏறியதுகூடத் தொகுதி முறையைவிட விரைவாக முடிந்தது. அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனம் 2023 அக்டோபரில் சாதாரண வகுப்பில் ஜன்னல், நடு, ஓரம் என்ற வரிசைக்கு மாறியது.

பணம் கொடுத்து முன்னால் ஏறுவது தவறல்ல. அது வாங்கிய சேவை. ஆனால் வீல்சேரில் வருபவர், கைக்குழந்தையுடன் வருபவர் ஆகியோர் ஏறி முடித்த பிறகே அந்த வரிசை தொடங்க வேண்டும். தேவையையும் கட்டணத்தையும் ஒரே வரிசையில் நிற்க வைக்கும் நிறுவனம் இரண்டையுமே மதிக்கவில்லை.

கேள்வி (மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகி): என் ஆறு வயது மகனுக்கு ஆட்டிசம். கூட்டத்தில் நின்றால் காதைப் பொத்திக்கொண்டு அழுவான். முதலில் ஏற அழைக்கும்போது போனால், “பையன் நன்றாகத்தானே இருக்கிறான்” என்று பின்னால் பேசுகிறார்கள். கூசிப்போய்க் கடைசியில் ஏறுகிறோம்.

பதில்: அடுத்த முறை முதலில் ஏறுங்கள் தாயே. அந்த ஏற்பாடு உங்கள் மகனுக்காகத்தான் இருக்கிறது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்டுள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இருந்தால் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பேசுபவர்களிடம் அதைக் காட்ட வேண்டியதில்லை, கேட்டில் இருக்கும் பணியாளர் கேட்டால் அவரிடம் மட்டும் காட்டுங்கள். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்கள் அணிந்துகொள்ளும் சூரியகாந்திப் பூப் போட்ட பச்சைக் கழுத்துப்பட்டை 2016-இல் லண்டன் கேட்விக் நிலையத்தில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. நீங்கள் செல்லும் நிலையத்தில் உண்டா என்று விசாரியுங்கள். “நன்றாகத்தானே இருக்கிறான்” என்று சொல்லத் துணிகிறவர்கள், பொய் சொல்லி ஏறியவர்களைப் பார்த்துப் பார்த்து நம்பிக்கை இழந்தவர்களாகவும் இருக்கலாம். அதற்கு உங்கள் மகன் விலை கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி (திருவையாற்றிலிருந்து ஒரு வாசகர்): பாட்டிக்கு வீல்சேர் கேட்டோம். அவருடன் குடும்பத்தார் எட்டுப் பேரும் முதலில் ஏறிவிட்டோம். யாரும் தடுக்கவில்லை. இப்போது மனம் உறுத்துகிறது.

பதில்: தடுத்திருக்க வேண்டியது கேட்டில் இருந்த பணியாளரின் கடமை. துணைக்கு ஒருவர் போதும். தூக்கி அமர்த்த வேண்டிய நிலையென்றால் இருவர். அடுத்த பயணத்தில் பாட்டியின் மருந்துப் பையுடன் ஒருவர் மட்டும் முன்னால் போகட்டும். மற்ற ஏழு பேரும் உங்கள் வரிசை எண் அழைக்கப்படும் வரை கேட்டருகே அமர்ந்திருங்கள். நீங்கள் உள்ளே வரும்போது பாட்டி பெல்ட் போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.