ஒளி, அமினோ அமிலம், தண்ணீர்: வடசென்னைக் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் வேதியியல் பாடமெடுக்கும் அக்கா பதில் சொல்கிறார். ஒளி பட்டு அமினோ அமிலம் எலக்ட்ரானை இழக்கும்போது சுற்றியுள்ள தண்ணீர் என்ன செய்கிறது என்பது இம்முறை விஷயம்.

வியாசர்பாடி, பிளஸ் டூ மாணவர்: அக்கா, 266 நானோமீட்டர் ஒளியின் ஆற்றல் 4.7 எலக்ட்ரான் வோல்ட்தான். டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 7-க்கு மேல் வேண்டுமே?

கணக்கு சரிதான் தம்பி, ஆனால் அது ஆவி நிலைக்கு. தண்ணீரில் அந்த 266-ஏ போதும். வெளியேறும் எலக்ட்ரானையும் பின்தங்கும் நேர்மின் மூலக்கூறையும் தண்ணீர் தாங்கிக்கொள்வதால் செலவு குறைகிறது.

ராயபுரம்: தாங்குவது என்றால் எப்படி?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தண்ணீர் மூலக்கூறின் ஹைட்ரஜன் முனை லேசாக நேர்மின், ஆக்சிஜன் முனை லேசாக எதிர்மின். டிரிப்டோபானில் அணுக்கள் வளையமாகக் கோத்திருக்கும் பகுதிக்கு மேலே இருக்கும் தண்ணீர் மூலக்கூறு ஹைட்ரஜன் முனையை வளையத்தின் பக்கம் நீட்டியிருக்கும். எலக்ட்ரான் போனதும் வளையம் நேர்மின் ஆகிவிடும். உடனே அந்தத் தண்ணீர் புரண்டு ஆக்சிஜன் முனையைக் காட்டும்.

ஓடிப்போன எலக்ட்ரானிடம் நடப்பது நேரெதிர். அது கொஞ்சம் தள்ளிப் போய் நிற்க, அங்குள்ள மூலக்கூறுகள் ஹைட்ரஜன் முனைகளை அதன் பக்கம் திருப்பி ஒரு குழி அமைத்துவிடும். எல்லாம் சுமார் ஒரு பிக்கோ வினாடியில், அதாவது வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் துண்டில். இப்படிச் சிக்கிய எலக்ட்ரான் 720 நானோமீட்டர் பக்கத்தில் ஒளியை நன்றாக விழுங்கும். அந்த அடையாளத்தை வைத்துத்தான் 1962-இல் ஹார்ட், போக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதைப் பிடித்தார்கள்.

பெரம்பூர்: டைரோசின் என்ற அமினோ அமிலமும் இப்படித்தானா?

தொடக்கம் ஒன்றுதான். ஆனால் எலக்ட்ரானை இழந்ததும் டைரோசின் தன் ஓ-ஹெச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) பகுதியிலுள்ள புரோட்டானை, அதாவது ஹைட்ரஜனின் நேர்மின் கருவை, சட்டென்று பக்கத்துத் தண்ணீரிடம் தள்ளிவிடும். டிரிப்டோபான் நடுநிலைத் தண்ணீரில் அவ்வளவு அவசரப்படாது. கிளைசின் என்ற இன்னொரு அமினோ அமிலத்துக்கு வளையமே கிடையாது, 266-ஐ அது கண்டுகொள்ளாது.

காசிமேடு: மேடம், வெயிலில் காயும் கருவாடு மஞ்சளாகிக் காறல் அடிப்பது இதனாலா?

பழியை அங்கே போடாதீர்கள். அது பெரும்பாலும் மீன் கொழுப்பு காற்றுபட்டுக் கெடுவது. சுமார் 290 நானோமீட்டருக்குக் கீழான ஒளியை ஓசோன் தடுத்துவிடுகிறது. டிரிப்டோபான் நன்றாக விழுங்குவதோ 280 பக்கத்தில். ஓரத்தில் கொஞ்சம் மாட்டும், அவ்வளவுதான். அப்புறம், கருவாட்டில் எலக்ட்ரானைத் தாங்கத் தண்ணீரும் அதிகம் இல்லையே!