இறந்த பிறகும் உணர்வு தொடருமா?

இதயம் நின்று பிழைத்தவர்கள் சிலர் "மேலேயிருந்து என் உடம்பையே பார்த்தேன்" என்கிறார்களே, அது போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்றுதான் நினைக்கிறேன்.

நெதர்லாந்தில் பிம் வான் லோமெல் என்ற இதய மருத்துவர், இப்படிப் பிழைத்த 344 பேரிடம் விசாரித்து 2001இல் முடிவை வெளியிட்டார். 62 பேருக்கு ஏதோ ஓர் அனுபவம் இருந்தது, மற்றவர்களுக்கு எதுவுமே நினைவில்லை. எல்லோருக்கும்தானே மூளைக்கு ரத்தம் போவது நின்றது, அப்புறம் ஏன் சிலருக்கு மட்டும்? இந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

சாம் பார்னியா என்ற மருத்துவரின் குழு, மேலேயிருந்து பார்ப்பது உண்மைதானா என்று நேரடியாகவே சோதித்துப் பார்த்தது. சிகிச்சை அறைகளில் உயரத்தில் பலகை அடித்து, கூரையிலிருந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி படங்களை வைத்தார்கள். 2014இல் முடிவு வந்தபோது, நடந்ததைக் கண்டதாகவும் கேட்டதாகவும் தெளிவாகச் சொன்னவர்கள் இரண்டே பேர்; அந்த இருவருக்குமே இதயம் நின்றது பலகை இல்லாத இடத்தில். எத்தனை வருட உழைப்பு, மனசு கனத்துப் போகிறது.

2013இல் அமெரிக்காவின் மிச்சிகனில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில், இதயம் நின்ற முதல் 30 விநாடிக்குள் மூளையில் மின் அலைகள் திடீரென்று எழும்பின. ஆக, மூளை உடனே அணைந்துவிடுவதில்லை. இன்னொன்று, இந்த மனிதர்கள் எல்லோரும் திரும்பி வந்தவர்கள், அவர்களின் மூளை முழுதாகச் செத்துப்போகவில்லை.

அப்பத்தா போன இரவு, மூச்சு நின்ற பிறகும் அவர் காதருகே கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே இருந்தேன். கேட்டிருக்குமோ என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.